புக்கன்வால்ட் வதை முகாமில் 168 விமானப்படையினர்: எப்படிப் போனார்கள், எப்படி வெளியே வந்தார்கள்?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிடிபட்ட நேச நாட்டு விமானப்படையினர் ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதி முகாம்களில்தானே வைக்கப்பட்டார்கள்? அவர்களில் சிலர் யூதர்களையும் அரசியல் கைதிகளையும் அடைத்த வதை முகாமில் இருந்ததாகச் சொல்வது உண்மையா, இல்லை பிற்காலக் கதையா?

உண்மைதான். 1944 ஆகஸ்ட் 20 அன்று 168 விமானப்படையினர் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஜெர்மனியின் புக்கன்வால்ட் வதை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 82 பேர் அமெரிக்கர், 48 பேர் பிரிட்டிஷ்காரர், 26 பேர் கனடாக்காரர், 9 பேர் ஆஸ்திரேலியர், 2 பேர் நியூசிலாந்துக்காரர், ஒருவர் ஜமைக்காக்காரர். பெயரும் கைதி எண்ணும் சேர்த்துப் பட்டியலே இருக்கிறது. ஆனால் போர் முடிந்து பல ஆண்டுகள்வரை இவர்கள் சொன்னதை இவர்களுடைய சொந்த அரசுகளே முழுசாக நம்பவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வழக்கமாக என்ன நடக்கும் என்று பார்த்துவிடலாம். பாராசூட்டில் குதித்தவன் பிடிபட்டால் உள்ளூர் போலீசோ ராணுவமோ அவனை ஜெர்மன் விமானப்படையிடம், அதாவது லுஃப்ட்வாஃபேயிடம், ஒப்படைக்க வேண்டும். பிராங்ஃபர்ட் பக்கத்தில் ஓபருர்செல் என்ற ஊரில் விசாரணை முகாம் இருந்தது. அங்கே சில நாள் தனியறையில் வைத்துக் கேள்வி கேட்பார்கள். அப்புறம் விமானப்படைக் கைதிகளுக்கென்றே இருந்த ஸ்டாலாக் லுஃப்ட் முகாம்களில் ஒன்றுக்கு அனுப்புவார்கள். அங்கே பசி உண்டு, குளிர் உண்டு. ஆனால் செஞ்சிலுவைச் சங்கத்தில் பெயர் பதிவாகும், வீட்டுக்குக் கடிதம் போகும், உணவுப் பொட்டலம் வரும். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப் பிரிவில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 9,800 பேர் போர்க்கைதிகள் ஆனார்கள். அந்தக் கைதிகளில் மிகப் பெரும்பாலோர் இந்த வழியாகத்தான் போனார்கள். ஆகவே "பிடிபட்ட விமானிகளை எல்லாம் வதை முகாமில் போட்டார்கள்" என்று யாராவது எழுதினால் அது தவறு.

இந்த 168 பேர் விஷயத்தில் மாறியது ஒன்றுதான்: இவர்கள் லுஃப்ட்வாஃபேயின் கையில் சிக்கவில்லை, நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் கையில் சிக்கினார்கள். நாஜி ஜெர்மனியை ஒரே உத்தரவுக்கு ஆடிய ஒற்றை இயந்திரமாக நினைத்தால் இந்த வரலாறு புரியாது. ஒருவரை ஒருவர் வெறுத்த, அதிகாரத்துக்குப் போட்டி போட்ட பல துறைகள் அங்கே இருந்தன. கைதியின் உயிர் அவன் செய்த குற்றத்தையோ சட்டத்தையோ நம்பி இருக்கவில்லை. எந்தத் துறையின் பேரேட்டில் அவன் பெயர் ஏறியது என்பதே முக்கியமாக இருந்தது.

1944 கோடைக்காலம். ஜூன் 6-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின. அதற்கு முன்னும் பின்னும் பிரான்சின் ரயில் சந்திப்புகளைத் தாக்க இரவு பகலாக விமானங்கள் வந்தன, நிறைய விமானங்கள் விழுந்தன. குதித்துப் பிழைத்தவர்களைப் பிரெஞ்சு விவசாயிகளும் எதிர்ப்பு இயக்கத்தாரும் ஒளித்து வைத்தார்கள். சீருடையைக் கழற்றிவிட்டு சாதாரண உடை கொடுத்தார்கள், போலி அடையாள அட்டை கொடுத்தார்கள். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களைப் பிரெனீஸ் மலை வழியாக ஸ்பெயினுக்குக் கடத்திவிடுவார்கள். இப்போது ரயில் பாதைகள் சிதறிக் கிடந்தன. அதனால் விமானிகள் வாரக்கணக்கில் ஒரே ஊரில் தேங்கினார்கள்.

இதற்கு ஒரு நல்ல மாற்றுத் திட்டமும் இருந்தது. ஓர்லியான் நகருக்கு மேற்கே ஃப்ரெத்வால் காட்டில், ஜெர்மானியர் மூக்குக்குக் கீழேயே, நூற்றுக்கும் மேற்பட்ட விமானப்படையினரைக் கூடாரம் அடித்துத் தங்கவைத்திருந்தார்கள். ஆகஸ்ட் நடுவில் பிரிட்டிஷ் உளவு அதிகாரி ஏரி நீவ் போய் அவர்களைப் பத்திரமாக மீட்டார். ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து 1942-இல் தப்பியவர் அவர். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். காட்டுக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். பாரிசுக்குப் போனவர்களில் பலர் மாட்டினார்கள்.

மாட்டவைத்தவன் ழாக் தெசூப்ரி என்ற இளைஞன். பெல்ஜியத்தில் பிறந்தவன், பல பெயர்களில் திரிந்தவன், எதிர்ப்பு இயக்கத்தின் தப்பிக்கும் வலைகளுக்குள் நுழைந்து கெஸ்டபோவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன். செய்முறை எளிது. ஒளிந்திருக்கும் விமானியிடம் "ஸ்பெயினுக்கு வழி தயார்" என்ற செய்தி வரும். பாரிசில் ஒரு ஹோட்டலில் ஓரிரு நாள் தங்கவைப்பார்கள். காலையில் கார் வரும். அது நேராகக் கெஸ்டபோ அலுவலகத்தில் போய் நிற்கும். ஒளித்து வைத்துக் காப்பாற்றிய குடும்பங்களும் இதில் சிக்கின. விமானி சிறைக்குப் போனான், அவனுக்குச் சோறு போட்டவர்கள் பலர் திரும்பவே இல்லை. தெசூப்ரி போருக்குப் பின் பிடிபட்டு 1949 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

பிடிபட்டவர்களை பாரிசுக்குத் தெற்கே இருந்த ஃபிரேன் சிறையில் அடைத்தார்கள். கெஸ்டபோவின் வாதம் இப்படி: நீ சீருடையில் இல்லை, கையில் போலி அட்டை இருக்கிறது, ஆகவே நீ உளவாளி. கழுத்தில் தொங்கும் ராணுவ அடையாளத் தகட்டைக் காட்டினாலும் எடுபடவில்லை. சட்டப்படி இது நிற்காது. எதிரி நாட்டிலிருந்து தப்பி ஓடுவதற்காக உடை மாற்றியதாலேயே ஒருவன் உளவாளி ஆகிவிட மாட்டான், உளவு பார்த்திருக்கவும் வேண்டும். ஆனால் கேட்பதற்கு நீதிமன்றம் எங்கே இருந்தது?

அந்தக் காலத்து மனநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1944 மே மாதம் கோயபல்ஸ் பத்திரிகையில் எழுதினார்: குண்டு வீசும் எதிரி விமானிகளை மக்கள் அடித்துக் கொன்றால் போலீஸ் குறுக்கே வர வேண்டியதில்லை என்பது அதன் சாரம். சில நாளில் நாஜிக் கட்சித் தலைமையகத்தின் பொறுப்பாளர் போர்மான் கட்சிக்காரர்களுக்கு அதே கருத்தில் ரகசியச் சுற்றறிக்கை அனுப்பினார். ஆகஸ்ட் 26 அன்று ரஸ்ஸல்ஸ்ஹைம் என்ற ஊரின் தெருவில் எட்டு அமெரிக்க விமானப்படையினரை ஊர்மக்கள் கல்லாலும் தடியாலும் தாக்கினார்கள், ஆறு பேர் இறந்தார்கள். ஆக, "பயங்கரவாத விமானி" என்ற முத்திரை விழுந்துவிட்டால் ஜெனீவாவைப் பற்றிப் பேசப் பல ஜெர்மன் அதிகாரிகள் தயாராக இல்லை.

ஆகஸ்ட் 15. நேச நாட்டுப் படைகள் பாரிசை நெருங்கிக்கொண்டிருந்தன. நகரம் விடுதலையாக இன்னும் பத்தே நாள். அன்று பான்தன் ரயில் நிலையத்திலிருந்து இரண்டாயிரத்துக்கும் அதிகமான கைதிகளை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் கிளம்பியது. பெரும்பாலோர் எதிர்ப்பு இயக்கத்தார், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். பாரிசில் இருந்த ஸ்வீடன் கான்சல் ஜெனரல் ரவுல் நோர்ட்லிங், கைதிகளை விடுவிக்க ஜெர்மன் தளபதிகளிடம் பேசிப் பேசி ஆகஸ்ட் 17-இல் உடன்பாடு வாங்கினார். இரண்டு நாள் தாமதம். இந்த ரயில் அதற்குள் கைமீறிவிட்டது.

ஐந்து நாள் பயணம். ஒரு பெட்டிக்குள் உட்காரக்கூட இடமில்லாமல் அடைத்திருந்தார்கள், மூலையில் கழிவுக்கு ஒரு வாளி. வழியில் மார்ன் ஆற்றுப் பாலம் குண்டுவீச்சில் உடைந்திருந்ததால் எல்லோரையும் இறக்கி நடக்கவைத்து வேறு ரயிலில் ஏற்றினார்கள். சிலர் பெட்டியின் பலகையைப் பெயர்த்துத் தப்ப முயன்றதற்குத் தண்டனையாக மற்றவர்களின் உடைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். சின்ன ஜன்னலில் கை வைத்த ஒரு பிரெஞ்சு இளைஞனைக் காவலர்கள் கையில் சுட்டு, பிறகு கீழே இறக்கிக் கொன்றார்கள். உயிர் பிழைத்த விமானிகள் பலரும் இந்தக் காட்சியைத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களை ராவன்ஸ்புரூக் முகாமுக்கும் ஆண்களைப் புக்கன்வால்டுக்கும் கொண்டு போனார்கள்.

புக்கன்வால்ட், வைமார் நகருக்கு மேலே எட்டர்ஸ்பெர்க் குன்றில் 1937-இல் தொடங்கிய முகாம். ஜெர்மன் கவிஞர் கதே வாழ்ந்த நகரம் வைமார். எட்டாண்டுகளில் சுமார் 2,80,000 பேர் அந்த முகாமுக்குள் போனார்கள், ஏறத்தாழ 56,000 பேர் இறந்தார்கள். ஆஷ்விட்ஸ் போல வாயு அறைகள் அங்கே இல்லை. வேலை, பசி, நோய், தூக்கு, துப்பாக்கி ஆகியவையே போதுமானவையாக இருந்தன. விமானப்படையினரின் தலையும் உடலும் மழிக்கப்பட்டன, பழந்துணி கொடுக்கப்பட்டது, செருப்பு கிடையாது. சிறிய முகாம் என்று அழைக்கப்பட்ட தனிமைப் பகுதியில், கூரை இல்லாமல், கல்பாவிய தரையில் மூன்று வாரம் படுத்தார்கள். அந்தச் சிறிய முகாம்தான் புக்கன்வால்டிலேயே மோசமான பகுதி.

இங்கேதான் ஃபில் லாமசன் வருகிறார். நியூசிலாந்து விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர், வயது 25, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் விமானி. ஜூன் மாதம் பாரிஸ் அருகே மாஸி-பலேஸோ ரயில் சந்திப்பைத் தாக்க வந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டவர். 168 பேரில் பதவியில் மூத்தவர் என்பதால் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அவர் முதலில் செய்தது விசித்திரமாகத் தோன்றலாம்: எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். நாடு வாரியாகக் குழு பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைத்தார். கணக்கெடுப்புத் திடலுக்குப் போகும்போது வெறுங்காலோடு ராணுவ நடை நடந்தார்கள். முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்-ஸின் காவலர்களுக்கு அது எரிச்சலூட்டியது.

வெறும் வீராப்பாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். வதை முகாம் ஒரு மனிதனிடமிருந்து முதலில் பிடுங்குவது அவன் யார் என்பதைத்தான். லாமசனுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. "நாங்கள் போர்க்கைதிகள்" என்ற வாதத்தை ஒவ்வொரு நாளும் கண்முன் நிறுத்தினால்தான், என்றாவது யாராவது அதைக் கேட்க வாய்ப்பு உண்டு. அருகிலிருந்த ஆயுத ஆலையில் வேலை செய்யச் சொன்னபோது அவர் மறுத்தார். போர்க்கைதியை ஆயுதம் செய்யவைக்க ஒப்பந்தம் இடம் தரவில்லை என்பது அவர் பிடித்த பிடி. துப்பாக்கிகள் தன்னை நோக்கி நீட்டப்பட்ட பிறகும் அவர் இறங்கி வரவில்லை. மற்ற கைதிகளுக்கு இந்தப் பிடிவாதம் ஒரு நாளும் பலித்திருக்காது, சுட்டுப் போட்டிருப்பார்கள். இவரை ஏன் சுடவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம், இவர்களை என்ன செய்வது என்பதில் எஸ்.எஸ்-ஸுக்கே அப்போது தெளிவு இல்லை என்பதுதான்.

வந்து நாலாம் நாள், ஆகஸ்ட் 24 அன்று, ஒரு கொடுமையான வேடிக்கை நடந்தது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் முகாமை ஒட்டியிருந்த குஸ்ட்லோஃப் ஆயுத ஆலையைத் தாக்கின. தங்கள் படையின் விமானங்கள் தங்கள் தலைக்கு மேல் குண்டு போடுவதை இவர்கள் கீழே இருந்து பார்த்தார்கள். குறி பெரும்பாலும் சரியாகவே விழுந்தது, கைதிகளின் கொட்டகைகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் ஆலையில் வேலை செய்த கைதிகளைத் தஞ்சம் புக விடாததால் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், எஸ்.எஸ். ஆட்களும் பலர் மாண்டார்கள். தீயை அணைக்கவும் இடிபாடுகளை அகற்றவும் விமானப்படையினரை வெறுங்காலோடு அனுப்பினார்கள். கதே உட்கார்ந்ததாகச் சொல்லப்பட்ட, கைதிகள் "கதே மரம்" என்று அழைத்த ஓக் மரமும் அன்று எரிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் எர்ன்ஸ்ட் தேல்மனை அதற்கு ஒரு வாரம் முன்பே அதே முகாமில் ரகசியமாகக் கொன்றிருந்தார்கள். அவர் இந்தக் குண்டுவீச்சில் இறந்ததாகப் பிறகு அறிவித்தார்கள். செத்தவர் கணக்கை எதிரியின் தலையில் எழுத அது வசதியாகப் போயிற்று.

செப்டம்பரில் நிலைமை தெளிவானது. பிரான்சில் பிடிபட்ட பிரிட்டிஷ், பிரெஞ்சு, கனடா ரகசிய முகவர்கள் 37 பேர் விமானப்படையினருக்கு முன்பே அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார்கள். 1937-இல் லெ மான் கார்ப் பந்தயத்தில் வென்ற ரோபேர் பெனுவா அவர்களில் ஒருவர். செப்டம்பர் நடுவுக்குள் அவர் உட்பட 16 பேரைத் தூக்கிலிட்டார்கள். மற்றவர்களின் முறை வரும் என்று தெரிந்ததும், மூத்த முகவர் யோ-தாமஸ் ஒரு வழி தேடினார். எஸ்.எஸ்-ஸின் டைபஸ் தடுப்பூசிச் சோதனைக் கொட்டகையில் எழுத்தராக வேலை பார்த்த கைதி ஆய்கன் கோகன், அங்கே பொறுப்பில் இருந்த எஸ்.எஸ். மருத்துவர் டிங்-ஷூலரைப் பேசிப் பணியவைத்தார். போர் தோற்கப்போகிறது, பிறகு உனக்கு ஒரு நல்ல சாட்சி தேவைப்படும் என்பதுதான் பேரத்தின் சாரம். டைபஸில் இறந்துபோன மூவரின் பெயர்களை யோ-தாமஸ், ஹாரி பியூலவே, ஸ்டெஃபான் ஹெஸ்ஸல் மூவரும் எடுத்துக்கொண்டார்கள். ஏட்டில் இவர்கள் செத்தார்கள், செத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். இந்த ஹெஸ்ஸல்தான் பின்னாளில் பிரெஞ்சுத் தூதராக இருந்து, தொண்ணூறு வயதைத் தாண்டி ஐரோப்பிய இளைஞர்களிடையே புகழ்பெற்றவர்.

விமானப்படையினரையும் அக்டோபர் கடைசியில் கொல்ல உத்தரவு வந்திருக்கிறது என்ற தகவல் முகாமின் ரகசியக் கைதிகள் அமைப்பு வழியாக லாமசனுக்குக் கிடைத்தது. அவர் அதைத் தன் ஆட்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பீதி, சொல்லாவிட்டால் அந்தப் பாரம் தன் ஒருவன் மேல். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், உயிர் பிழைத்தவர்களின் சந்திப்பு ஒன்றில்தான் பலருக்கு அது தெரியவந்தது.

அதற்குள் அவர் வேறொரு கதவைத் தட்டியிருந்தார். முகாமுக்குப் பக்கத்தில் நோரா என்ற இடத்தில் லுஃப்ட்வாஃபேயின் விமானத்தளம் ஒன்று இருந்தது, அங்கே கைதிகள் வேலைக்குப் போய் வந்தார்கள். யோ-தாமஸும் பிரிட்டிஷ் முகவர் கிறிஸ்டஃபர் பர்னியும் உதவ, வேலைக்குப் போன கைதி ஒருவர் வழியாகச் செய்தி போயிற்று: நேச நாட்டு விமானப்படை அதிகாரிகள் இங்கே எஸ்.எஸ். பிடியில் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில், குண்டுவீச்சுச் சேதத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு லுஃப்ட்வாஃபே உயரதிகாரி ஹன்னஸ் டிராட்லாஃப்ட் முகாமுக்கு வந்தார். 58 எதிரி விமானங்களை வீழ்த்தியவர் என்ற பெயர் பெற்ற சண்டை விமானி அவர். திரும்பும் நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து ஜெர்மன் தெரிந்த ஓர் அமெரிக்கர் அவரைக் கூப்பிட்டார். காவலர்கள் தடுத்தார்கள். டிராட்லாஃப்ட் தன் பதவியைக் காட்டி அவர்களை விலக்கிவிட்டு, அவரிடமும் லாமசனிடமும் பேசினார். பிறகு பெர்லினில் மேலிடத்துக்கு விஷயத்தைக் கொண்டு போனார்.

1944 அக்டோபர் 19 அன்று 156 பேர் புக்கன்வால்டை விட்டு ஸாகன் ஊரிலிருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமுக்குக் கிளம்பினார்கள். நடக்க முடியாத நோயாளிகள் சிலர் பின்தங்கி, அடுத்தடுத்த வாரங்களில் சின்னச் சின்னக் குழுக்களாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் வரவேயில்லை: பிரிட்டிஷ் விமானப்படையின் ஃபிலிப் ஹெமன்ஸ், அமெரிக்கச் சண்டை விமானி லெவிட் பெக். பெக் பிரான்சில் ஒளிந்திருந்த நாட்களில் தன் அனுபவங்களை எழுதி வைத்திருந்தார். போருக்குப் பின் அவருடைய பெற்றோர் கைக்கு அது வந்து சேர்ந்து புத்தகமானது.

இந்த மீட்பை "வானத்து வீரர்களின் சகோதரத்துவம்" என்று உருக்கமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. டிராட்லாஃப்ட் தனிப்பட்ட முறையில் துணிச்சலாக நடந்துகொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய மேலதிகாரிகள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு அழகானதாக இருக்காது. பிடிபட்ட விமானிகள் தங்கள் அதிகார வரம்புக்குள் வருபவர்கள், எஸ்.எஸ். அதில் கை வைக்கிறது என்ற துறைக் கோபம் ஒன்று. ஜெர்மன் விமானிகள் ஆயிரக்கணக்கில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கைதிகளாக இருந்தார்கள், பழிக்குப் பழி வந்தால் என்ன செய்வது என்ற கணக்கு இன்னொன்று. அதே ஆண்டு மார்ச்சில் அதே ஸாகன் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பியபோது, திரும்பப் பிடிபட்ட 73 பேரில் 50 பேரை கெஸ்டபோ சுட்டுக் கொன்றது. அந்தப் பழியின் ஒரு பங்கு லுஃப்ட்வாஃபே மேலும் விழுந்திருந்தது. அதே குன்றில் இருந்த மற்ற பல்லாயிரம் கைதிகளைப் பற்றி இந்த அதிகாரிகள் யாரும் பெர்லினுக்கு எழுதவில்லை. லுஃப்ட்வாஃபேக்கு வேண்டிய பொருட்களைச் செய்த ஆலைகள் பலவற்றிலும் வதை முகாம் கைதிகள்தான் வேலை செய்தார்கள்.

ஸாகன் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த கைதிகள் இவர்களைப் பார்த்துத் திகைத்தார்கள். மொட்டைத் தலை, எலும்புக்கூடு உடம்பு. சொன்ன கதையைப் பலர் நம்பவே இல்லை. மூன்று மாதம் கழித்து, 1945 ஜனவரி கடைசியில், சோவியத் படை நெருங்கியதும் முகாம் முழுவதையும் கடும்பனியில் மேற்கே நடத்திப் போனார்கள். புக்கன்வால்டில் உடைந்துபோன உடம்போடு இவர்கள் அதையும் நடந்தார்கள்.

நம்பாமை வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தொடர்ந்தது. காரணம் காகிதம். செஞ்சிலுவைச் சங்கப் பதிவில் இவர்கள் ஸாகனில் இருந்த போர்க்கைதிகள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய மாதங்கள் வெற்றிடம். ராணுவத்தினர் யாரும் வதை முகாமில் வைக்கப்படவில்லை என்பதே அதிகாரிகள் பலரின் பதில். தப்பிக்க உதவிய வலைகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று பலரிடம் கையெழுத்து வாங்கியிருந்ததால் அவர்களும் வாயைத் திறக்கவில்லை. லாமசன் நியூசிலாந்தில் டானவர்க் அருகே விவசாயம் பார்க்கப் போய்விட்டார். 1987-இல்தான் நியூசிலாந்து அரசு வதை முகாம்களில் இருந்த தன் படைவீரர்களுக்கு இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. அவருக்குக் கிடைத்தது 13,000 டாலர். 2012-இல் 93 வயதில் இறந்தார்.

பிரிட்டனில் இது அரசியல் சண்டையாகவே மாறியது. 1964-இல் மேற்கு ஜெர்மனி, நாஜி கொடுமைக்கு ஆளான பிரிட்டிஷ்காரர்களுக்காகப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. ஸாகன் சுரங்கத்திலிருந்து தப்பிப் பிடிபட்ட நால்வர், "விங்ஸ்" டே, ஜிம்மி ஜேம்ஸ், சிட்னி டவுஸ், ஜானி டாட்ஜ், சாக்சன்ஹாவுசன் வதை முகாமை ஒட்டிய தனிப் பகுதியில் வைக்கப்பட்டிருந்தார்கள். 1944 செப்டம்பரில் அங்கிருந்தும் சாப்பாட்டுக் கத்தியால் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். பிடிபட்டதும் அவர்களை முகாமின் தனிச்சிறையில் மாதக்கணக்கில் பூட்டினார்கள். உயிரோடிருந்தவர்கள் இழப்பீடு கேட்டபோது வெளியுறவு அலுவலகம் சொன்னது: நீங்கள் இருந்த பகுதி வதை முகாமின் சுவருக்கு வெளியே, ஆகவே நீங்கள் வதை முகாமில் இல்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த வழக்கை நாடாளுமன்றத்தில் தூக்கிப் பிடித்தவர் அதே ஏரி நீவ், அப்போது கன்சர்வேடிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1967-இல் புதிதாக உருவான நாடாளுமன்ற விசாரணை ஆணையர், வெளியுறவு அலுவலகத்தின் தவறு என்று அறிக்கை கொடுத்தார். அமைச்சர் ஜார்ஜ் பிரவுன் முணுமுணுத்துக்கொண்டே பணம் கொடுத்தார். அந்த ஆணையர் பதவிக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி என்று இதைச் சொல்வார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மேற்கத்திய விமானிகளின் கதை. "விமானப்படையினர் வதை முகாமில்" என்று கேட்டுவிட்டு சோவியத் விமானிகளை விட்டுவிட்டால் பதில் பாதிதான். 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் சோவியத் யூனியன் கையெழுத்திடவில்லை, ஜெர்மனி அதைச் சாக்காக வைத்துக்கொண்டது. பிடிபட்ட சுமார் 57 லட்சம் சோவியத் வீரர்களில் ஏறத்தாழ 33 லட்சம் பேர் செத்தார்கள். புக்கன்வால்டிலேயே ஒரு பழைய குதிரை லாயத்தை மருத்துவப் பரிசோதனை அறை போல மாற்றி, உயரம் அளப்பதாகச் சொல்லி நிறுத்தி, பின்கழுத்தில் சுட்டு எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் கைதிகளைக் கொன்றார்கள். அவர்களுக்காக எந்த டிராட்லாஃப்டும் வரவில்லை.

ஆகவே அவர்கள் வேறு வழி பார்த்தார்கள். ஆஸ்திரியாவின் மவுத்ஹவுசன் முகாமில் 20-ஆம் கொட்டகை, சோவியத் அதிகாரிகளைப் பட்டினி போட்டே கொல்ல ஒதுக்கிய இடம். 1945 பிப்ரவரி 2 அதிகாலையில் அங்கிருந்த ஐந்நூறு பேர் அளவில் தீயணைப்புக் கருவிகளையும் கற்களையும் வைத்துக் காவல் கோபுரங்களைத் தாக்கி, மின்வேலி மேல் ஈரப் போர்வையைப் போட்டு வெளியே பாய்ந்தார்கள். திட்டம் போட்டவர்களில் முக்கியமானவர் விமானி நிகொலாய் விளாசோவ், சோவியத் வீரப் பட்டம் பெற்றவர். நாள் நெருங்கும்போது அவரை எஸ்.எஸ். இழுத்துப் போய்க் கொன்றுவிட்டது. தப்பியவர்களை எஸ்.எஸ்-ஸோடு சுற்றுவட்டார மக்களும் சேர்ந்து முயல் வேட்டை போலத் தேடிக் கொன்றார்கள். இருவரை லாங்தாலர் என்ற விவசாயக் குடும்பம் போர் முடியும்வரை வீட்டில் ஒளித்து வைத்தது. உயிர் பிழைத்ததாக உறுதியாகத் தெரிபவர்கள் 11 பேர்.

மிகைல் தெவியதாயெவ் கதை இன்னும் நம்பமுடியாதது. 1944 ஜூலையில் லிவிவ் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட சண்டை விமானி. ஒரு போர்க்கைதி முகாமில் சுரங்கம் தோண்டியதற்காக அவரை சாக்சன்ஹாவுசனுக்கு அனுப்பினார்கள். அங்கே முடிவெட்டும் கைதி ஒருவர் இவருடைய எண் தகட்டை இறந்துபோன ஒருவரின் தகட்டோடு மாற்றிவிட்டார். விமானி என்பது ஏட்டிலிருந்து மறைந்தது. சாதாரணக் கைதி என்று நினைத்து அவரை யூசடம் தீவில் பீனமுண்டே ராக்கெட் தளத்தில் ஓடுபாதை வேலைக்குப் போட்டார்கள். விமானியை விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய் விட்டார்கள். 1945 பிப்ரவரி 8 அன்று அவரும் ஒன்பது கைதிகளும் காவலனைக் கொன்றுவிட்டு, அவர் அதுவரை ஓட்டியே இராத ஹெயின்கல் 111 குண்டுவீச்சு விமானத்தைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்கள். சோவியத் படையின் பிடியிலிருந்த பகுதிக்குள் நுழைந்ததும் சொந்தப் படையின் பீரங்கிகளே அவர்களைச் சுட்டன, எப்படியோ தரையிறக்கினார்.

வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பிடிபட்டவன் துரோகியாக இருக்கலாம் என்பது ஸ்டாலின் காலக் கொள்கை. அவரை விசாரணை முகாமில் வைத்தார்கள். கூட வந்தவர்களில் பெரும்பாலோரைத் தேற்றி உடனே போர்முனைக்கு அனுப்பினார்கள், போரின் கடைசி வாரங்களில் பலர் இறந்தார்கள். தெவியதாயெவுக்கு வெளியே வந்த பிறகும் நெடுநாள் நல்ல வேலை கிடைக்கவில்லை. 1957-இல்தான் சோவியத் யூனியனின் வீரர் என்ற பட்டம் கொடுத்தார்கள். பிறகு கசான் நகரில், வோல்கா ஆற்றில் ஓடிய ரகேதா என்ற அதிவேகப் பயணிகள் படகுகளுக்குத் தலைவராக வேலை பார்த்தார். 2002-இல் இறந்தார்.